கடைசி ஆள் கரையேறும் வரை

1

படகுத்துறையில் நாங்கள் நின்ற அந்த நாளுக்கு நேற்றோடு ஒரு வருஷம் ஆகிவிட்டது. இன்றும் அதே பனிமூட்டம். ஜன்னலைத் திறந்தால், துறைமுகம் இருக்க வேண்டிய இடத்தில் ஈரமான ஒரு வெண்மை நிற்கிறது. கயிறுகள் பாய்மரத்தில் மோதும் சத்தம் கேட்கிறது, பாய்மரத்தைக் காணோம். கடற்பறவை கத்துகிறது, பறவையைக் காணோம்.

மேற்கு ஜெர்மனியின் வடக்கு ஓரத்தில், கடல் நிலத்துக்குள் கை நுழைத்துத் தேடுவது போலக் கிடக்கும் ஒரு விரிகுடாவின் கரையில் என் வீடு. பசுமலையில் படித்து, சபை தந்த உதவியில் விமானம் ஏறியவன், இத்தனை வருஷத்தில் குளிருக்குப் பழகிவிட்டேன், கறுப்பு ரொட்டிக்கும் பழகிவிட்டேன். மூட்டத்துக்கு மட்டும் முடியவில்லை. மதுரைக்காரனுக்கு வெயில் தெரியும், புழுதி தெரியும். கண்ணெதிரே இருக்கிற பொருள் இருந்துகொண்டே இல்லாமல் போவது எப்படி என்று மட்டும் தெரியாது.

அங்கே என்னதான் வேலை பார்க்கிறாய் என்று ஊரிலிருந்து எழுதுகிற எல்லோரும் கேட்கிறார்கள். வில்லாபுரத்தில் என் கொழுந்தியாள், "அத்தான் அங்க எம்.எல்.ஏ.க்களுக்கெல்லாம் சொல்லிக் குடுக்கிறாக" என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். சொல்லிக்கொடுப்பது இருக்கட்டும், காப்பி ஊற்றிக்கொடுப்பதும் நான்தான். நம் ஊரில் போலவே இங்கே மாநிலத்துக்கு ஒரு சட்டமன்றம் உண்டு. அதில் விவசாயத்தையும் மீன்பிடியையும் கடலையும் பார்த்துக்கொள்ள ஒரு குழு. அந்தக் குழுவின் அலுவலகத்தில் நான் எழுத்தர்.

ப்ரஸ்ஸல்ஸில் ஐரோப்பியச் சமூகத்தின் பத்து நாடுகள் கூடி உட்கார்ந்து, எவன் எவ்வளவு பால் கறக்கலாம், எந்தக் கடலில் எவ்வளவு மீன் அள்ளலாம் என்று முடிவு செய்கின்றன. அதன் தாள்கள் தலைநகருக்கு வந்து, அங்கே கொஞ்ச காலம் தூங்கி, பிறகு எங்களிடம் வரும். எங்கள் உறுப்பினர்கள் அவற்றை வரி வரியாகப் படிப்பார்கள். அமைச்சகத்து அதிகாரியைக் கூப்பிட்டு உட்காரவைத்து, பார்லிக்கு ஏன் இப்படி, கடற்பாசிக்கு ஏன் அப்படி என்று கேட்பார்கள். அவர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு பதில் சொல்வார். பெரும்பாலும் அதற்குள் அங்கே எல்லாம் முடிந்து சட்டமாகியிருக்கும். இறந்துபோனவரின் ஜாதகத்துக்குப் பலன் பார்ப்பது போன்ற வேலை. கடைசியில் நான் ஒரு வரி எழுதுவேன்: "குழு இதைத் தெரிந்துகொண்டது." என் வாழ்நாளில் நான் அதிகம் எழுதிய வாக்கியம் அதுதான்.

அடுத்த வருஷம் பிறக்க வேண்டிய மீன்களுக்கு இந்த வருஷமே பங்கு பிரித்திருப்பார்கள். அந்தப் பட்டியல்களைத் தட்டச்சு செய்யும்போது சில சமயம் விரல் நின்றுவிடும். இன்னும் முட்டையாகக்கூட ஆகாத உயிர்கள் ஒவ்வொன்றுக்கும் யாரோ உரிமையாளர் ஆகிவிட்டார்கள். அவை எங்கேயோ இருட்டில் காத்திருக்கின்றன. நான் அவற்றுக்கு நகல் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

2

ஹில்டா எங்கள் குழுவில் மீன்பிடிக்குப் பொறுப்பான உறுப்பினர். அறுபதைத் தொட்டவர், பெரிய கைகள். இதே துறைமுகத்தில் பிறந்து, இளவயதில் மீன் கழுவும் கொட்டகையில் நின்று, பிறகு பள்ளிக்கூட ஆசிரியையாகி, அதற்குப் பிறகு அரசியலுக்கு வந்தவர். அவர் தம்பி கார்ல் இப்போதும் படகு வைத்து மீன் பிடிக்கிறார்.

வசந்தம் வந்தால் ஹெர்ரிங் என்ற மீன் முட்டையிட எங்கள் விரிகுடாவுக்குள் வரும். நம் மத்தி மீனின் தூரத்து உறவு என்று வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் நீளம், அதே வெள்ளி. நான் வந்த புதிதில், அது வருகிற வாரங்களில் ஊரின் திரைச்சீலைகூட மீன் மணக்கும். பிறகு வருஷா வருஷம் குறைந்தது. ஒரு வசந்தத்தில் படகுகள் திரும்பி வரும்போது பின்னால் பறவைகளே வரவில்லை. ஹில்டா அன்று அலுவலக ஜன்னலில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "நமக்குத் தாள் வருவதற்கு முன்னாலேயே அவற்றுக்குச் செய்தி வந்துவிடுகிறது."

அந்த வருஷக் கடைசியில் ப்ரஸ்ஸல்ஸிலிருந்து ஒரு முன்மொழிவு வந்தது. ஹெர்ரிங் முட்டையிடும் விரிகுடாக்களை வசந்தத்தில் வலைக்கு மூடிவிடலாமா என்று. கரையோரத் தண்ணீர் மாநிலத்துக்குச் சேர்ந்தது. அதனால் இந்த ஒரு விஷயத்தில் எங்கள் குழு என்ன சொல்கிறதோ அது எடுபடும். மூடு என்றால் மூடுவார்கள், எங்களை விட்டுவிடு என்றால் விட்டுவிடுவார்கள். அறிக்கை எழுத வேண்டியவர் ஹில்டா.

கார்ல் ஒரு நாள் தொப்பியைக்கூடக் கழற்றாமல் அலுவலகத்துக்குள் வந்தார். நான் எழுந்து போகப் பார்த்தேன். "இரு, நீயும் கேள், எழுதப்போவது நீதானே" என்றார். அக்காவின் பக்கம் திரும்பினார்.

"வசந்தத்துச் சில வாரங்கள்தான் எனக்கு வருஷம். மிச்ச மாதமெல்லாம் நான் படகுக்குச் சாயம் பூசுகிறவன். அதை நீ மூடினால் படகு போகும்."

"நான் இன்னும் எழுதவில்லை, கார்ல்."

"படகு போனால் உன் வீட்டுப் படியை மிதிக்க மாட்டேன். அம்மாவின் கல்லறைக்குக்கூட உன்னோடு வர மாட்டேன். எழுதும்போது ஞாபகம் வைத்துக்கொள்."

"மூடாவிட்டால் அடுத்த சில வருஷத்தில் அங்கே பிடிக்க என்ன இருக்கும்?"

"தண்ணீர் இருக்கும்" என்றார் கார்ல். போய்விட்டார்.

அந்த வாரத்திலிருந்து அவர் அக்கா வீட்டு ஞாயிற்றுக்கிழமைக் காப்பிக்கு வரவில்லை. அறிக்கை எழுத ஹில்டாவுக்கு அடுத்த குளிர்காலம் வரை தவணை இருந்தது. மேஜையில் தாள் அப்படியே கிடந்தது. அதன் மேல் தொட்டிச் செடி ஒன்றை எடுத்து வைத்தார். நான் நீர் ஊற்றும்போது தாள் நனையாமல் பார்த்துக்கொண்டேன்.

3

இந்த நிலையில்தான் மதுரைப் பயணம் வந்தது.

எங்கள் மாநிலம் மாடுகளின் ஊர். மிஞ்சுகிற பாலைப் பவுடராக்கிக் கிடங்குகளில் அடுக்கி வைத்தார்கள். அதில் ஒரு பங்கு இந்தியாவுக்கு நன்கொடையாகப் போனது. அந்த வருஷம்தான் பாலுக்கு அளவு வைத்தார்கள். அளவுக்கு மேல் கறந்தால் அபராதம். விவசாயிகள் மாட்டை விற்றார்கள், வாங்கியவர்கள் கறிக்கு வாங்கினார்கள். நாம் அனுப்பும் பவுடர் எங்கேதான் போகிறது என்று நேரில் பார்த்து வரக் குழுவிலிருந்து இரண்டு உறுப்பினர்கள் கிளம்பினார்கள். ஒருவர் ஹில்டா. இன்னொருவர் நூறு மாடு வைத்திருந்த பெரிய உடம்புக்காரர். மொழிக்கு நான்.

மதுரைப் பால் பண்ணையில் ஒரு பெரிய தொட்டி. மூட்டையை அவிழ்த்துக் கொட்டினார்கள். வெள்ளைத் தூசு எழுந்து இறங்கியது. தண்ணீர் பாலாயிற்று. வெளியே சித்திரை வெயில், உள்ளே அந்தச் சில்லிட்ட அறையில் இயந்திரத்தின் முனகல் மட்டும்.

"இந்த மாடுகளில் பல இப்போது உயிரோடு இல்லை" என்றார் ஹில்டா என்னிடம் மெதுவாக. "இதைக் கறந்த பிறகுதானே அவற்றை விற்றார்கள்."

அவர் என்ன சொன்னார் என்று பண்ணை அதிகாரி கேட்டார். நான் மாற்றிச் சொன்னேன், நன்றாக இருக்கிறதாம் என்று. "அப்ப மேடத்துக்கு ஒரு டம்ளர் குடுப்பா" என்றார் அவர். ஹில்டா வாங்கிக் குடித்தார். முழுவதும் குடித்தார். உடன் வந்த பெரிய உடம்புக்காரர் குடிக்காமலே அன்று மாலை வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தவர், திரும்பும் வரை வாழைப்பழத்தைத் தவிர எதையும் நம்பவில்லை.

பால் சங்கங்களின் சார்பாக எங்களைப் பார்க்க வந்தவர்களில் சொக்கலிங்கமும் இருந்தான். பசுமலை ஹாஸ்டலில் எனக்கு அடுத்த பாய். கொட்டாம்பட்டிக்குப் பக்கத்தில் விவசாயம், ஊர்ப் பால் சங்கத்துக்குச் செயலாளர். மீசை நரைத்திருந்தது, நாக்கு அப்படியே இருந்தது.

"என்னா மாப்ள, இம்புட்டு வெளுத்துட்ட. அங்க சோப்பு நல்ல சோப்போ?"

ஹில்டாவுக்கு மீன் விஷயம்தான் வேலை என்றதும் அவனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "பவுடரப் பாத்தது போதும். நாளைக்குக் காலைல எங்க கம்மாய அழிக்கிறோம். அந்தம்மாவக் கூட்டிட்டு வா. மீனுன்னா என்னன்னு காட்றேன்."

4

கம்மாய் அழிப்பது என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கோடையில் கண்மாய்த் தண்ணீர் முழங்காலுக்கும் தொடைக்குமாக இறங்கிய பிறகு, ஒரே நாளில் ஊர் முழுக்க இறங்கி மீன் பிடிப்பார்கள். அதற்கு முன்னால் வருஷம் முழுக்க ஒருவரும் கை வைக்க மாட்டார்கள். பிடித்ததை விற்கவும் மாட்டார்கள். அன்றைக்கு எல்லா வீட்டிலும் மீன் குழம்பு, அந்த வாசனை எழுந்தால்தான் அடுத்த மழை என்று நம்பிக்கை. ஊரின் முதல் மரியாதைக்காரரான அம்பலம், சாமி கும்பிட்டுவிட்டு மடை மேல் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார். வீசியதும் இறங்கலாம். வீசும் வரை விரல் நனையக் கூடாது.

நாங்கள் போனபோது நன்றாக விடிந்திருந்தது. கரை நெடுகிலும் மனிதர்கள், சுற்று ஊர்க்காரர்களும் வந்திருந்தார்கள். கச்சை கட்டிய ஆண்கள், கையில் ஊத்தா. ஊத்தா என்பது அடியில்லாத கூடை, சேற்றில் குத்தி, மேல் வாய் வழியாகக் கை விட்டு மீனைத் தடவி எடுப்பது. கரைமேட்டில் செருப்புகள் வரிசை வரிசையாகக் கிடந்தன. மடை மேல் அம்பலம், புதுத் தேங்காய்ப்பூத் துண்டு தோளில். ஒல்லியான மனிதர், சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொண்டே இருந்தார். சொக்கலிங்கத்துக்குப் பெரியப்பா முறை. விருந்தாளி என்று ஹில்டாவை அவர் பக்கத்திலேயே கொண்டுபோய் நிறுத்தினான்.

சாமி கும்பிட்டாகிவிட்டது. அம்பலம் துண்டை எடுக்கவில்லை.

"பெரியப்பா, வெயில் ஏறுது. சனம் நிக்கிதுல்ல."

"நிக்கட்டும்டா. கொக்கு ஒண்ணையுங் காணோம், பாத்தியா?"

அப்போதுதான் பார்த்தேன். வற்றுகிற கண்மாய் என்றால் கொக்கும் நாரையும் பருந்தும் மொய்க்கும். அன்று வானமும் தண்ணீரும் துடைத்து வைத்தது போல இருந்தன. ஒரு தட்டானைக்கூடக் காணோம். தண்ணீரில் ஒரு வட்டம் எழவில்லை.

"நேத்துச் சாயங்காலம் துள்ளிக்கிட்டுக் கிடந்துச்சே" என்றான் சொக்கலிங்கம்.

"அதான் யோசிக்கிறேன். கொக்கு வரட்டும்."

காத்திருந்தார்கள். அத்தனை பேர் கூடிய இடத்தில் குழந்தை அழுகிற சத்தம்கூட இல்லை. ஹில்டா தலையில் வெயிலுக்காக வெள்ளைத் துணி ஒன்றைக் கட்டியிருந்தார். வியர்வையில் அது நனைந்துவிட்டது. அவிழ்த்தார். எங்கள் துறைமுகப் பெண்கள் தலைத்துணியை மடிப்பதற்கு முன்னால் ஒரு உதறு உதறுவார்கள், மீன் செதில் ஒட்டியிருந்தால் போகட்டும் என்று. கொட்டகைக் காலத்துப் பழக்கம், கையோடு ஊறியது. மடை மேல் நின்று, தண்ணீரைப் பார்த்து, ஒரே ஒரு உதறு.

கரை சரிந்தது போல இருந்தது. நான்கு பக்கமும் மனிதர்கள் தண்ணீருக்குள் ஓடினார்கள். வழக்கமாக அம்பலம் கூவுவார், அந்தக் கூவலைப் பிடித்துக்கொண்டு ஊரே கூவிக்கொண்டு இறங்கும். அன்று அவர் கூவவில்லை. அதனால் ஒருவரும் கூவவில்லை. வாய் திறக்காமல் அத்தனை பேர் ஓடி இறங்கினார்கள். தண்ணீர் கிழிபடும் சத்தம் மட்டும், பெரிய துணியை யாரோ நிதானமாகக் கிழிப்பது போல.

ஹில்டா கையைப் பார்த்தார். துணி இன்னும் விரித்தபடியே இருந்தது.

5

ஒரு மீன் கிடைக்கவில்லை.

குத்தினார்கள், தடவினார்கள், இழுத்தார்கள். வலையில் சேறு, ஊத்தாவில் சேறு. மீன் வராத வருஷத்தில்கூட நாலு கெளுத்தியாவது கையைக் குத்தும் என்றான் சொக்கலிங்கம். தண்ணீர் குழம்பிச் செம்மண்ணாயிற்று. ஒருவரை ஒருவர் பார்க்காமல், இடுப்புவரை சேறோடு, ஒவ்வொருவராக நிமிர்ந்து நின்றார்கள்.

கரையில் பெண்கள்தான் முதலில் பேசினார்கள்.

"மசாலா அரைச்சு வச்சிட்டு வந்தேன். அத இப்ப மூஞ்சியிலயா பூசுறது."

"ஒனக்காச்சும் மசாலா. மதுரையிலருந்து மருமகன் வந்து எலையப் போட்டு உக்காந்திருக்காரு. சேத்தக் கரைச்சு ஊத்தவா?"

அம்பலம் தோளைத் தொட்டுக் காட்டினார். "எல்லாரும் பாத்துக்கங்க. என் துண்டு தோள்லதான் கிடக்கு. நான் வீசலை."

"வெள்ளையாத் தெரிஞ்சுச்சு, இறங்கிட்டோம் அண்ணே" என்றான் தண்ணீரிலிருந்து ஒருவன்.

அதுதான் சிக்கல். சொக்கலிங்கம் எனக்கு விளக்கினான். துண்டு விழாமல் இறங்கினால் சாமி குத்தம், இறங்கிய அத்தனை வீட்டுக்கும். துண்டு விழுந்துதான் இறங்கினார்கள் என்றால் குத்தமில்லை. ஆனால் அத்தோடு இந்த வருஷத்துக்குக் கண்மாய் முடிந்தது, மறுபடி திறக்க முடியாது. மீனில்லாமல் அதை முடித்த பழி திறந்த கைக்கு.

அம்பலம் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, அந்தம்மாட்ட கேளு. மனசறிஞ்சு வீசுனாகளா, சும்மா உதறுனாகளா? எதச் சொன்னாலும் சபைல ஏத்துக்குவோம்."

சொக்கலிங்கம் என் காதருகே வந்தான். "மாப்ள, சும்மா உதறுனேன்னு சொல்லச் சொல்லிரு. வெளிநாட்டு ஆளு, நாளைக்கு ப்ளைட் ஏறிரும். நாங்க கெடாய வெட்டிச் சாமியச் சரிக்கட்டிக்கிறோம்."

எல்லாவற்றையும் ஜெர்மனில் சொன்னேன், அவன் காதில் சொன்னது உட்பட. ஹில்டா தண்ணீரில் நின்றவர்களைப் பார்த்தார். சேறு காயத் தொடங்கியிருந்தது. மண்ணால் செய்து வெயிலில் வைத்தவர்கள் போல நின்றார்கள். எல்லா முகமும் அவர் பக்கம் இருந்தது.

"உதறினேன் என்றால் இவர்கள் எல்லோரும் தவறு செய்தவர்கள் ஆகிறார்கள்."

"ஆமாம்."

"தெரிந்துகொண்டேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக வழி இல்லையா?"

வேடிக்கையாகத்தான் சொன்னார் என்று நினைத்தேன். முகத்தில் சிரிப்பு இல்லை. 

"நான் திறந்தேன் என்று சொல்லுங்கள்."

சொன்னேன். கூட்டத்தில் ஒரு பெருமூச்சு ஓடி அடங்கியது. ஒரு கிழவர் தண்ணீரை அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டார்.

"அப்பச் சரி" என்றார் அம்பலம். குரலில் ஆறுதலும் இருந்தது, கொஞ்சம் பொறாமையும். "திறந்தவுக கரைய விட்டு நகரக் கூடாது. கடைசி ஆளு கரையேறுற வரைக்கும் நிக்கணும். அது என் மொற. இன்னிக்கு அவுக மொற."

6

கரையேறினார்கள். செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போனார்கள். வரிசை மெலிந்து, இடைவெளி விழுந்து, கடைசியில் மேடு காலியாயிற்று. ஒரு ஜோடி மட்டும் கிடந்தது. ரப்பர் செருப்பு, குதிகால் பக்கம் தேய்ந்தது.

சொக்கலிங்கம் கூவிப் பார்த்தான். வந்திருந்த ஊர்களுக்கெல்லாம் சைக்கிளில் ஆள் போனது. ஒவ்வொரு ஊரிலிருந்தும் அதே பதில்: எங்க ஆளுக எல்லாம் வந்தாச்சு. இளைஞர்கள் கைகோத்து வரிசையாகக் கண்மாயை ஒரு தடவை நடந்து வந்தார்கள். தண்ணீர் தொடைக்கு மேல் இல்லை. ஒன்றும் தட்டுப்படவில்லை.

"எவனாச்சும் தன் பழசப் போட்டுட்டுப் புதுச மாட்டிட்டுப் போயிருப்பான், களவாணிப் பய" என்றார் அம்பலம்.

சிலர் சிரித்தார்கள். பிறகு ஒருவன் கேட்டான்: "அப்ப புதுசத் தொலைச்சவன் எங்க?"

சிரிப்பு நின்றது.

யாரோ குடை கொண்டுவந்து கொடுத்தார்கள். ஹில்டா வாங்கவில்லை. முகம் சிவந்து, உதடு வெடித்து, மடை மேலேயே நின்றார். போகலாம் என்று நான் சொன்னபோதெல்லாம் ஒரே கேள்வி கேட்டார்: "எல்லோரும் கரையேறிவிட்டார்களா?" 

பொழுது சாயும் நேரத்தில் கொக்குகள் வந்தன. எந்தத் திசையிலிருந்து என்று தெரியவில்லை. கலங்கிய தண்ணீர் முழுக்க வெள்ளை வெள்ளையாக இறங்கி நின்றன. குனிந்தன, நிமிர்ந்தன. ஒவ்வொரு அலகிலும் மீன். துடிக்கிற வெள்ளி மீன். காலையில் அத்தனை கைகள் தடவிய அதே தண்ணீர்.

அம்பலம் பார்த்தார். எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார். அவர் பின்னாலேயே மற்றவர்களும் போனார்கள்.

செருப்பு கண்ணுக்குத் தெரியாதபடி இருட்டிய பிறகுதான் ஹில்டா காருக்கு வந்தார். 

7

நாங்கள் ஜெர்மனி திரும்புவதற்கு முன்னாலேயே செய்தி வீட்டுக்கு வந்திருந்தது. வில்லாபுரத்திலிருந்து டிரங்க் கால்.

"என்னங்க, அந்தம்மா கையக் காட்டி ஊரையே கம்மாய்க்குள்ள இறக்கி விட்டுட்டாகளாமே" என்றாள் என் மனைவி செல்வி, பெட்டியைக்கூட இறக்க விடாமல். "என் தங்கச்சி சொல்லிச் சிரிக்கிறா."

முழுக்கதையும் சொன்னேன். சாப்பாட்டு மேஜையில் என் மகள் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு இப்போது தமிழ் காதில் மட்டும்தான் இருக்கிறது. நான் தமிழில் கேட்பேன், அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். என் ஜெர்மனில் பிழை வந்தால் தலை நிமிராமலே திருத்துவாள். கண்மாய் என்றால் ஏரியா குளமா என்று ஒரு தடவை கேட்டாள், இரண்டும் இல்லை என்றேன், பிறகு அவள் கேட்கவில்லை. இந்தக் கதை முடிந்ததும் மட்டும் நிமிர்ந்தாள்.

"அது பெரியவர் செருப்பா, சின்னப் பிள்ளை செருப்பா?"

எனக்கு நினைவில்லை. குதிகால் தேய்ந்தது நினைவிருக்கிறது, அளவு நினைவில்லை. செல்வி, "சாப்பிடுறப்ப என்ன கேள்வி" என்று அதட்டினாள். பிள்ளை ரொட்டியை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போனாள். கதவை மூடவில்லை. அன்றைக்கு விளக்கு எரியட்டும் என்றாள்.

8

குளிர்காலத்தில் குழு கூடியது. ஹில்டா அறிக்கையை வாசித்தார். மிகச் சிறியது. விரிகுடாவை வசந்தத்தில் மூட வேண்டும் என்று மாநிலம் கேட்டுக்கொள்கிறது.

வாழைப்பழத்தில் உயிர் பிழைத்து வந்த உறுப்பினர் கேட்டார்: "உங்கள் தம்பி என்ன சொல்கிறார்?"

"என்னிடம் பேசுவதில்லை."

"கொஞ்சம் தள்ளிப்போடலாமே. தெரிந்துகொண்டோம் என்று எழுதிவிட்டால் ப்ரஸ்ஸல்ஸே பார்த்துக்கொள்ளும். பழி நம் தலையில் விழாது."

"மூடுவது என் கை என்று இருக்கட்டும்" என்றார் ஹில்டா.

கைகள் உயர்ந்தன. பெரும்பாலானவை. நான் அந்த வாக்கியத்தை எழுதாத முதல் கூட்டம் அது.

அந்தத் தடை போன வருஷம் இதே வாரம் நடைமுறைக்கு வந்தது. நண்பகலோடு விரிகுடாவில் வலை இருக்கக் கூடாது, படகுகள் உள்ளே வந்துவிட வேண்டும். அன்றும் மூட்டம். ஹில்டா படகுத்துறையின் முனையில் போய் நின்றார். அவர் தனியாக நிற்பதைப் பார்த்து நானும் போனேன். படகுகள் ஒவ்வொன்றாக வெண்மையிலிருந்து பிரிந்து வந்து கட்டிக்கொண்டன. மீனவர்கள் அவரைக் கடந்து போனார்கள். ஒருவர் காலடியில் துப்பினார். ஹில்டா நகரவில்லை.

தேவாலய மணி நண்பகல் அடித்து ஓய்ந்தது. எல்லாப் படகும் வந்துவிட்டது, கார்லின் படகைத் தவிர. மூட்டத்துக்குள்ளே எங்கோ அதன் இயந்திரம் கேட்டது. அருகில் வரும், பிறகு இடப்பக்கம் போகும், பிறகு வெகு தூரத்தில். வேண்டுமென்றேதான் சுற்றுகிறாரோ, வழி தெரியவில்லையோ. துறைமுகக் காவலர் சைரன் ஊதிப் பார்த்துவிட்டுக் கடலோரக் காவலுக்குச் சொல்லப் போனார். மற்றவர்கள் குளிர் தாங்காமல் கலைந்தார்கள். எனக்குக் கால்விரல் மரத்துவிட்டது.

பிறகு இயந்திரச் சத்தம் நின்றது.

ஹில்டா தம்பி பெயரைச் சொல்லிக் கூப்பிடவில்லை. வெறுமனே நின்றார். அவர் மூச்சு வெளியே வந்து மூட்டத்தோடு சேர்ந்துகொண்டே இருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. படகு சத்தமில்லாமல் மிதந்து வந்தது. முன்முனையில் கார்ல் துடுப்போடு. வலை சுருட்டிக் கட்டியிருந்தது, காய்ந்திருந்தது. அவர் அன்று வலையை இறக்கவே இல்லை.

கயிற்றை எறிந்தார். ஹில்டா பிடித்துக் கட்டினார், கொட்டகைக் காலத்து முடிச்சு. கார்ல் ஏறி வந்தார். முகம் மாவு பூசியது போல வெளுத்திருந்தது. அக்காவைத் தாண்டிப் போய்விடுவார் என்று நினைத்தேன். நின்றார்.

"நீ இன்னும் ஏன் நிற்கிறாய்?"

"உள்ளே வேறு யாராவது இருக்கிறார்களா?" என்று கேட்டார் ஹில்டா.

கார்ல் திரும்பி, தான் வந்த பக்கத்தைப் பார்த்தார். மூட்டம் படகுத்துறையின் விளிம்புவரை வந்திருந்தது.

"எனக்குப் பின்னால் ஒரு படகு வந்துகொண்டிருந்தது" என்றார். "அதைக் கேட்பதற்காகத்தான் இயந்திரத்தை நிறுத்தினேன். துடுப்புச் சத்தம். எனக்கு வழி காட்டுகிறானோ, என்னிடம் வழி கேட்கிறானோ, தெரியவில்லை."

நான் படகுகளைப் பார்த்தேன். படகு கட்டும் எல்லா இடமும் நிறைந்திருந்தது. இந்த ஊரில் துடுப்புப் படகு வைத்துத் தொழில் செய்கிறவர் யாரும் இப்போது இல்லை.

கார்ல் தொப்பியைக் கழற்றினார். வீட்டுப் பக்கம் போகிற வழி அவருக்கு முன்னால் திறந்து கிடந்தது. போகவில்லை. வந்து அக்காவின் பக்கத்தில் நின்றார், தோள் உரச. நான் இந்தப் பக்கம். மூன்று பேரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.